பழகிப் பார்த்த வாக்கியம்

நல்லேப்பிள்ளி
28 டிசம்பர் 2025

வனிதா அக்காவுக்கு,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. தபால் கொண்டுவரும் கோமதி அக்கா வாசலில் நின்று, "ஹாங்காங்கு தபால் வந்திருக்குதுங்கோ" என்று தெரு முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டார். நான் ஓடிப்போய் வாங்கிக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன்.

போனில் நான் பேசுவதில்லை என்று உனக்கு வருத்தம் என்று அம்மா சொன்னாள். என்ன செய்வது? ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டதும் அப்பா ஸ்பீக்கரில் போட்டு நடுக்கூடத்தில் வைத்துவிடுகிறார். அம்மா, அர்த்தநாரி மாமா, அத்தை, மோர் வாங்க வந்தவர்கள் எல்லாரும் சுற்றி உட்கார்ந்துகொள்கிறார்கள். என் முறை வரும்போது எல்லாரும் என் வாயையே பார்க்கிறார்கள். "நல்லா இருக்கறேன்" என்று சொல்லிப் போனைத் தள்ளிவிடுகிறேன். எழுதும்போது யாரும் என் வாயைப் பார்ப்பதில்லை.

நீ அனுப்பிய காண்டனீஸ் வார்த்தைகள் எல்லாம் பழகிவிட்டேன். சோறு, தண்ணீர், துடைப்பம், சூடு, மெதுவாக, மன்னிக்கணும். மாடு கட்டும் இடத்தில் சாணி அள்ளிக்கொண்டே சொல்லிப் பார்க்கிறேன். நான் தப்பாகச் சொன்னால் சிரிப்பதற்கு இந்த ஊரில் ஆள் கிடையாது. அதனால் எனக்கு அந்தப் பாஷை பிடித்திருக்கிறது. ப்ளஸ் ஒன்னில் டீச்சர் என்னை எழுந்து பேசச் சொன்ன நாள் உனக்குத் தெரியும். மணி அடிக்கும்வரை நின்றுகொண்டே இருந்தேன். டீச்சர் மலையாளத்தில், "எந்தா, வாயில்லே?" என்றார். பக்கத்து பெஞ்சு ஜோமோள் முதலில் சிரித்தாள், பிறகு எல்லாரும் சிரித்தார்கள். அடுத்த நாளிலிருந்து நான் போகவில்லை. இதை மறுபடி ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை.

பதினெட்டு முடிந்ததும் என்னையும் உன்னைப் போல அனுப்பிவிடலாம் என்று அப்பா நினைக்கிறார். பாஷை தெரிந்த பெண்ணுக்கு நல்ல வீடாகக் கிடைக்கும் என்று கோயம்புத்தூர் ஏஜென்ட் சொன்னாராம். ஊருக்கு மட்டும் "கம்பெனி" என்றே சொல்ல வேண்டும் என்று எனக்கும் இப்போதே உத்தரவு.

போன வாரம் அர்த்தநாரி மாமா தோசை சாப்பிட்டுக்கொண்டே அப்பாவிடம் சொன்னார்: "மூத்தவ சீனாக்காரன் ஊட்டுல பாத்திரம் தேய்க்கறா. எளையவ இங்க மாட்டைத் தேய்க்கறா. மச்சானுக்குப் புள்ளைக ரெண்டும் தேய்க்கறதுக்குன்னே பொறந்துருக்குதுக." எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். ஆனால் தட்டில் இருந்த தோசையை அப்படியே விட்டு எழுந்து கை கழுவினார்.

அதனால் ஒன்று கேட்கிறேன். துடைப்பம், வாளி போதும். மேலே வருவதற்கும் முன்னேறுவதற்கும் அந்த ஊரில் என்ன சொல்வார்கள்? அந்த வார்த்தைகளைச் சொல்லிக்கொடு. வாயிலாவது இருக்கட்டும்.

பிரியா


ஹாங்காங்
11 ஜனவரி 2026, ஞாயிறு

அம்முணி,

இன்று எனக்கு லீவு. வீட்டுவேலைப் பெண்கள் ஞாயிறுதோறும் கூடும் மேம்பாலத்துக்குக் கீழே அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து உட்கார்ந்து எழுதுகிறேன். பக்கத்தில் உடும்பஞ்சோலை ராமலட்சுமி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருக்கிறாள். ஏலத் தோட்டத்தில் வளர்ந்தவள், ஆரஞ்சையும் மோந்து பார்த்துத்தான் வாங்குவாள். நீ கேட்டதைச் சொன்னேன். "முன்னேறுத வார்த்தையா? இந்த ஊர்ல மூச்சு விடுததே அந்த வார்த்தையிலதான. எழுது, எழுது" என்றாள்.

உண்மைதான். நான் இருக்கும் லாவ் வீட்டில் வேறு பேச்சே கிடையாது. யாருக்குப் பதவி உயர்ந்தது, யார் பிள்ளை எந்தப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தது, இதுதான். நான் பார்த்துக்கொள்ளும் யன்யனுக்கு ஒன்பது வயது. கணக்கில் கொஞ்சம் குறைந்தால் கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்ளும். நான் வெளியே நின்று கூப்பிட வேண்டும். இந்த வார்த்தைகள் எல்லாம் அவளுடைய வீட்டுப்பாடத்திலிருந்து நான் பொறுக்கியவை.

சிங் ஜிக் என்றால் வேலையில் ஒரு படி ஏறுவது. சிங் குங் என்றால் நினைத்தது கைகூடுவது. இந்த இரண்டு சிங்கும் வேறு. முதலாவது மேலேயே நிற்க வேண்டும், இரண்டாவது கீழே இறங்க வேண்டும். ஜொன் போ முன்னேற்றம். அந்த "போ" என்பது ஓர் அடி எடுத்து வைப்பது. சீனப் புத்தாண்டுக்குப் பெரியவர்களிடம் "போ போ கோ சிங்" என்று சொல்ல வேண்டும், அடிக்கு அடி மேலே ஏறுங்கள் என்று வாழ்த்து. அதன் எழுத்துகளைக் கீழே எழுதியிருக்கிறேன், பார்த்து எழுதிப் பழகு. ஙாய் ச்சொட் தௌ என்றால் கஷ்டப்பட்டுத் தலையெடுப்பது. நம்மைப் போலவே அவர்களும் தலையைத்தான் சொல்கிறார்கள்.

வெறும் வார்த்தையாகப் பழகாதே, நிற்காது. வாக்கியமாகச் சொல். அதுவும் உனக்கே நடந்தது மாதிரி சொல். "ஙோ சிங் ஜோ ஜிக்." எனக்குப் பதவி உயர்வு கிடைத்துவிட்டது. முதலில் காண்டனீஸில், பிறகு தமிழில். சத்தமாகச் சொல்லு. முணுமுணுத்தால் இந்தப் பாஷை வராது.

இன்னொரு விஷயம் இருக்கிறது. அது முடிவாகட்டும், எழுதுகிறேன். வீட்டில் எதுவும் கேட்காதே.

வனிதா

步步高升


நல்லேப்பிள்ளி
27 ஜனவரி 2026

அன்புள்ள அக்காவுக்கு,

நெல் முற்றிவிட்டது. அடுத்த வாரம் அறுவடை இயந்திரம் வரும் என்று அப்பா சொல்கிறார். கிடாரிக் கன்றுக்குக் கழிச்சல் இருந்தது, இப்போது பரவாயில்லை. அம்மாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான். மாரியம்மன் நோம்பி சாட்டிவிட்டார்கள், திருவிழா அடுத்த மாதம்.

நான் நேராக எழுத வேண்டும். இரண்டு தாள் கிழித்துவிட்டேன்.

நேற்றுக் காலை சாணி அள்ளும்போது நீ சொன்ன மாதிரியே சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஙோ சிங் ஜோ ஜிக். எனக்குப் பதவி உயர்வு கிடைத்துவிட்டது. திரும்பத் திரும்பச் சொன்னேன். சொல்லச் சொல்ல நன்றாக வந்தது. அப்பா தீவனக் கட்டோடு பின்னால் வந்து நின்றது தெரியவில்லை.

"ஆருக்கு கண்ணு பதவி உயர்வு?" என்றார்.

எனக்குத்தான் கிடைத்த மாதிரி பேசிப் பார்த்தேன் என்று எப்படிச் சொல்வேன்? முழங்கை வரைக்கும் சாணி. பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு வந்தவள். அப்படிச் சொல்வதை நினைத்தாலே மண்ணுக்குள் போய்விடலாம் போல இருந்தது.

"அக்காளுக்கா?" என்றார்.

நான் தலையாட்டினேன். ஆமாம் என்றுதான் ஆட்டினேன். தெரியாமல் ஆட்டிவிட்டேன் என்று எழுத நினைத்தேன், அது பொய்.

அப்பா தீவனக் கட்டை அங்கேயே போட்டார். "பழனாத்தா! ஏ பழனாத்தா! கேட்டியா, உன்ற மூத்த மகளுக்கு ஒசத்திக் குடுத்துட்டாங்களாமா!" என்று கத்திக்கொண்டே வீட்டுக்குள் ஓடினார். அப்பா ஓடி நான் பார்த்ததில்லை. முக்கால் மணி நேரத்தில் வண்டியை எடுத்துக்கொண்டு பக்கத்துச் சித்தூர் போய் மைசூர்பாகு வாங்கிவந்து, முதல் துண்டை அர்த்தநாரி மாமா வாயில் தம் கையாலேயே வைத்தார். "தேய்க்கறவ இல்லடா என்ற புள்ள. ஏறுறவ" என்றார்.

சாயங்காலம் அப்பாவிடம் சொல்லிவிடலாம் என்று கிட்டே போனேன். அவர் என் தலையில் கை வைத்து, "உன்கிட்டதான அவ சொல்றா, நீ நல்ல புள்ள" என்றார். நான் திரும்பி வந்துவிட்டேன்.

இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் அப்பா போனில் பேசிவிடுவார் என்று தெரியும். அப்பா போனிலிருந்து மெசேஜ் அனுப்பினால் அவர் படித்துவிடுவார். அதனால் இதுதான் வழி. நீயே போனில் "இல்லீங்கப்பா" என்று சொல்லிவிடு. என்னைத் திட்டினாலும் சரி.

பிரியா


ஹாங்காங்
8 பிப்ரவரி 2026

பிரியா,

உன்னிடமிருந்து கடிதம் எதுவும் வரவில்லை. அதற்குள் போட்டோ வந்துவிட்டது.

போன ஞாயிறு அப்பா கூப்பிட்டார். "எங்ககிட்டச் சொல்லாம தங்கச்சிகிட்ட மட்டும் சொன்னியா சாமி?" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பின்னால் அத்தை குரல், மாமா குரல், யாரோ விசில் அடிக்கிறார்கள். பதவி உயர்வு என்று மாமா சொன்ன பிறகுதான் நான் உனக்கு எழுதிய வாக்கியம் ஞாபகம் வந்தது. "அப்படியெல்லாம் ஒண்ணுமில்லீங்கப்பா" என்றேன். "பாத்தீங்களா, என்ற புள்ளைக்கு எவ்வளவு அடக்கம்" என்று அப்பா எல்லாரிடமும் சொல்கிறார். நான் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

நேற்று அவர் அனுப்பிய போட்டோவைப் பார்த்தேன். பஸ் ஸ்டாப்பில் ஃபிளெக்ஸ். "ஹாங்காங் கம்பெனியில் பதவி உயர்வு பெற்ற எங்கள் குலவிளக்கு வனிதா கந்தப்பன்." எனக்குக் கறுப்புக் கோட்டு போட்டுவிட்டிருக்கிறார்கள். கழுத்துக்குக் கீழே வேறு யாருடைய உடம்போ.

ராமலட்சுமி கைகொட்டிச் சிரித்தாள். "எம்மா, ஒங்க அய்யா ஒன்னைய மேனேஜர் ஆக்கிட்டாவளே! நாளைக்கு எனக்கும் ஒரு வேலை போட்டுக் குடு." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டாள்.

முடிவானதும் எழுதுகிறேன் என்று சொன்ன விஷயம் இதுதான். லாவ் வீட்டார் இங்கிலாந்துக்குக் குடிபோகிறார்கள். ஏப்ரலில் என் வேலை முடிகிறது. சத்தமில்லாமல் ஊருக்கு வந்து கொஞ்ச நாள் அம்மா கூட இருக்கலாம் என்று ஆசைப்பட்டேன். வேலை போய்த் திரும்பி வருகிறவள் அந்தப் படத்துக்கு அடியில் பஸ்ஸை விட்டு இறங்க வேண்டுமா? நீயே சொல், எப்படி வருவது?

ஏன் அப்படிச் சொன்னாய்?

வனிதா


நல்லேப்பிள்ளி
21 பிப்ரவரி 2026

அக்காவுக்கு,

என் கடிதம் இப்போது உனக்குக் கிடைத்திருக்கும். நான் ஏன் அப்படிச் செய்தேன் என்று அதில் இருக்கிறது. அதற்கு மேல் காரணம் எதுவும் என்னிடம் இல்லை.

ஃபிளெக்ஸைப் பற்றி உனக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. கீழே சீன எழுத்து நான்கு இருக்கிறதே, அதை நான்தான் எழுதிக் கொடுத்தேன். "உனக்குத்தான் தெரியுமே கண்ணு, ரெண்டு எழுத்துப் போட்டுக் குடு, மாமன் பாக்கட்டும்" என்று அப்பா கேட்டார். நீ கடைசியில் எழுதியிருந்ததைப் பார்த்து எழுதினேன். ஒரு கோடு தப்பவில்லை. பரீட்சையில்கூட நான் இவ்வளவு சுத்தமாக எதையும் எழுதியதில்லை. அதை நினைத்தால் இன்னும் கேவலமாக இருக்கிறது.

நான் வாசலுக்கே போவதில்லை. நோம்பிக்கு மாவிளக்கு எடுக்கவும் போகவில்லை, தலைவலி என்றேன். வருகிறவர்கள் எல்லாம் "உன்ற அக்கா எப்ப வர்றா?" என்று கேட்கிறார்கள். அப்பா "பெரிய பொறுப்பு, லீவு குடுக்க மாட்டாங்க" என்கிறார். அவர் சந்தோஷமாக இருப்பதைப் பார்க்க முடியவில்லை.

காண்டனீஸ் படிப்பதை விட்டுவிட்டேன். வெட்கப்படாமல் பேச எனக்கு அந்த ஒரு பாஷைதான் இருந்தது. இப்போது அதிலும் வெட்கம் வந்துவிட்டது.

பிரியா


ஹாங்காங்
8 மார்ச் 2026

பிரியா,

இரண்டு கடிதமும் சேர்ந்த மாதிரி வந்தன. முதலில் கோபத்தில் மடித்து வைத்துவிட்டேன். சாணிக் கை பற்றி நீ எழுதியதைப் பிறகுதான் படித்தேன்.

சத்தமாகச் சொல் என்று எழுதியவள் நான். போனில் இல்லையென்று ஒழுங்காகச் சொல்லாமல் விட்டவளும் நான். உனக்கு வாய் இல்லை என்று எல்லாரும் சொல்கிறார்கள். அன்றைக்கு எனக்கு எங்கே இருந்தது? அவ்வளவு பேர் கைதட்டும்போது, ஒரு நிமிஷம், எனக்கே நிஜமாகக் கிடைத்துவிட்டது போல இருந்தது. இதை உன்னிடம் மட்டும் சொல்கிறேன்.

புத்தாண்டு அன்று லாவ் அம்மாவின் சொந்தக்காரர்கள் வந்தார்கள். நான் டீ கொடுத்து ஒவ்வொருவரிடமும் போ போ கோ சிங் என்றேன். அவர்களும் எனக்கு அதையே திருப்பிச் சொன்னார்கள். ஏறுவதற்கு எனக்குப் படி எதுவும் இல்லை என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். ஆனால் மரியாதைக்குச் சொல்ல வேண்டும், சொன்னார்கள். நம் வீட்டில் அதைப் போய் உண்மை என்று பிடித்துக்கொண்டோம்.

ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். ஊருக்கு வரவில்லை. இங்கேயே ஹாங்காங் கோடியில் வேலைக்கு ஒரு வீடு இருக்கிறது. படுக்கையில் கிடக்கும் கிழவர். இதற்கு முன்னால் அங்கே போன இரண்டு பேரும் நிற்கவில்லையாம். தூங்க எனக்குத் தனி இடம் கிடையாது, அவர் கட்டிலுக்குக் கீழேதான். இரண்டு வருஷ ஒப்பந்தம். ஏப்ரல் முதல் வாரம் முடிவதற்குள் கையெழுத்துப் போட வேண்டும். ராமலட்சுமி, "வேண்டாம்ட்டி, ஊருக்குப் போ. சிரிக்கவன் நாலு நாள் சிரிப்பான்" என்கிறாள். அவளுக்கு ஃபிளெக்ஸ் கட்டவில்லையே.

இரண்டு வருஷத்தில் அந்தத் தட்டி வெயிலில் வெளுத்துப் போகும். அதன் பிறகு வருகிறேன். அம்மா முழங்காலைக் கவனித்துக்கொள். அப்பாவிடம் எதுவும் சொல்லாதே. அவருடைய சந்தோஷம் இருந்துவிட்டுப் போகட்டும்.

வனிதா


நல்லேப்பிள்ளி
23 மார்ச் 2026

அக்கா,

கையெழுத்துப் போடாதே. இதை முதலில் எழுதிவிடுகிறேன், மீதி பிறகு.

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. கட்டிலுக்குக் கீழே என்று எழுதியிருந்தாய். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. வெள்ளிக்கிழமை காலை அப்பா வயலுக்குப் போன பிறகு கருக்கரிவாளை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குப் போனேன். யாரும் இல்லாத நேரமாகப் போயிருக்கலாம். அவ்வளவு யோசிக்கவில்லை. சித்தூர் பஸ்ஸுக்கு ஆள் நின்றுகொண்டிருந்த நேரம். எதிரே டீக்கடையில் அர்த்தநாரி மாமா. ப்ளஸ் டூ பரீட்சைக்குப் போகிற பெண்கள், அதில் ஜோமோள்.

ஃபிளெக்ஸ் இரண்டு கமுகுக் கம்பத்தில் கட்டியிருந்தது. பக்கத்தில் இருந்த கல் மேல் ஏறினேன். எல்லாரும் என்னைப் பார்ப்பது முதுகில் தெரிந்தது.

"அம்முணி, கவுறு தளந்து போச்சா? எறங்கு, பசங்களை உட்டு இறுக்கிக் கட்டச் சொல்றேன்" என்றார் மாமா.

நான் ஒரு பக்கத்துக் கயிற்றை அறுத்தேன். அந்தப் பக்கம் சரிந்து, உன் முகம் மடிந்து, கோட்டு மட்டும் தொங்கியது. யாரோ சிரித்தார்கள். ஓடிவிடலாமா என்றுதான் பார்த்தேன். ஆனால் கல்லிலிருந்து இறங்க வேண்டுமென்றால் அவர்கள் நடுவில்தான் இறங்க வேண்டும்.

"செல்வப்பிரியா, எந்தா நீ செய்யணே?" என்று பள்ளிக்கூடத்துப் பெயரைச் சொல்லி ஜோமோள் கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை என்று நினைக்கிறேன். தெரியவில்லை.

அப்போதுதான் சொன்னேன். யாரைப் பார்த்தும் சொல்லவில்லை, கம்பத்தைப் பார்த்துத்தான் சொன்னேன். பழகிப் பார்க்காத வாக்கியம், அதனால் விட்டு விட்டு வந்தது.

"என்ற அக்காளுக்குப் பதவி உயர்வெல்லாம் ஒண்ணுமில்லீங்க. அவ கம்பெனியிலயும் இல்லீங்க. ஒரு ஊட்டுல கொழந்தையைப் பாத்துக்கறா, சமைக்கறா, தொடைக்கறா. அவங்க வேற நாட்டுக்குப் போறாங்க, அதனால வேலை முடிஞ்சுது. அப்பா கேட்டப்ப நாந்தானுங்க பொய்யா தலையாட்டிட்டேன்."

மாமாதான், "இதை ஊட்டுக்குள்ள சொல்லக் கூடாதா அம்முணி? இப்பிடி நடு ரோட்டுல வந்தா சொல்றது?" என்றார்.

"ஊட்டுக்குள்ள கட்டலீங்களே மாமா" என்றேன்.

அது எப்படி என் வாயிலிருந்து வந்தது என்று இன்னும் தெரியவில்லை. டீக்கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள், இந்தத் தடவை மாமாவைப் பார்த்து. எனக்கு அதிலும் சந்தோஷம் வரவில்லை. ஏனென்றால் அப்போது அப்பாவின் வண்டிச் சத்தம் கேட்டது. யாரோ போன் செய்துவிட்டார்கள் போல.

அப்பா வண்டியை நிறுத்தினார். என்னைப் பார்த்தார், தொங்குகிற ஃபிளெக்ஸைப் பார்த்தார், நிற்கிறவர்களைப் பார்த்தார். எல்லாரும் கண்ணைத் திருப்பிக்கொண்டார்கள். அதிலேயே அவருக்குப் புரிந்துவிட்டது. நான் அடுத்த கயிற்றில் அரிவாளை வைத்தேன். "அறுக்காதே, நல்ல கவுறு" என்றார். கிட்டே வந்து முடிச்சைக் கையாலேயே அவிழ்த்தார். அது இறுகிக் கிடந்தது, நேரம் ஆயிற்று. அவ்வளவு நேரமும் ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. பஸ் வந்து, ஆட்கள் ஏறி, அது போய்விட்டது. அப்பா இன்னும் அவிழ்த்துக்கொண்டிருந்தார். பிறகு உன் படம் உள்பக்கம் போகிற மாதிரி மடித்து, வண்டியில் வைத்துக்கொண்டு போனார். என்னை ஏறச் சொல்லவில்லை. நான் நடந்து வந்தேன்.

அதற்குப் பிறகு அவர் என்னிடம் பேசவில்லை. நேற்று ஞாயிறு நீ கூப்பிட்டாய், போன் அடித்து அடித்து ஓய்ந்தது. வயலுக்கு ரோட்டு வழியாகப் போவதை விட்டு வாய்க்கால் கரை வழியாகச் சுற்றிப் போகிறார். அம்மா, "ஊர் சிரிக்கும்னு பயந்துட்டு இருந்தோம், நீயே கூட்டி வெச்சுச் சிரிக்க வெச்சுட்ட" என்றாள். நீ சந்தோஷத்தை விட்டுவை என்று எழுதினாய், நான் கேட்கவில்லை. அப்பாவை அப்படி நிற்க வைத்ததற்கு எனக்கு எப்போதும் வெட்கமாகத்தான் இருக்கும்.

ஆனால் அக்கா, இங்கே இனிமேல் மறைக்க ஒன்றும் மிச்சமில்லை. நீ வந்து இறங்கினால் புதிதாகக் கேவலப்பட எதுவும் இல்லை, எல்லாம் நான் பட்டு முடித்துவிட்டேன். ஹாங்காங் எனக்கு வேண்டாம் என்று அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. ஒரு மாதத்துக்கு ஓர் உண்மைதான் என்னால் முடியும்.

கையெழுத்துப் போடாதே.

பிரியா


ஹாங்காங்
5 ஏப்ரல் 2026

அம்முணி,

கையெழுத்துப் போடவில்லை. உன் கடிதம் வியாழன் அன்று வந்தது. மேம்பாலத்துக்குக் கீழே ராமலட்சுமிக்குப் படித்துக் காட்டினேன். மாமாவுக்கு நீ சொன்ன பதிலை மூன்று தடவை படிக்கச் சொன்னாள். பிறகு அவளே முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, "எங்க வீட்டுலயும் நான் ஆஸ்பத்திரியில வேலை பாக்கேன்னுதான் சொல்லி வச்சிருக்காவ" என்றாள். இத்தனை வருஷமாகப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறோம், எனக்குத் தெரியாது.

நேற்று அப்பா கூப்பிட்டார். வயலிலிருந்து பேசினார் போல, பின்னால் மோட்டார் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. வேலை முடிந்ததைப் பற்றிக் கேட்கவில்லை. "எந்தத் தேதி சாமி?" என்றார். இருபத்தேழு, திங்கட்கிழமை என்றேன். "அந்தப் புள்ள செஞ்சது தப்புத்தான். ஆனா கட்டுறதுக்கு முந்தி நானும் உன்னைய ஒரு வார்த்தை கேட்டிருக்கோணும்" என்றார். அதை அவர் உன்னிடம் சொல்ல மாட்டார். அதனால் நான் எழுதுகிறேன்.

பிறகு சொன்னார்: "கோயம்புத்தூருக்கு வண்டி சொல்லிர்றேன். ராத்திரிக்கு ராத்திரி ஊட்டுக்கு வந்தரலாம். ஆரும் பாக்க மாட்டாங்க." நான் சரிங்கப்பா என்றேன். வாய் தானாகவே அப்படிச் சொல்லிவிட்டது. போனை வைத்த பிறகு ரொம்ப நேரம் சமையல்கட்டில் நின்றேன். யன்யன் வந்து ஏன் நிற்கிறாய் என்று கேட்டாள். பாத்திரம் தேய்க்க என்று சொல்லிக் குழாயைத் திறந்தேன்.

இன்று மறுபடி அப்பாவைக் கூப்பிட்டு, வண்டி வேண்டாம் என்று சொல்லப் போகிறேன். நானே சொல்லிக்கொள்கிறேன், இந்தத் தடவை உன் தலையில் வைக்க மாட்டேன். ராத்திரி விமானம், விடிவதற்குள் கோயம்புத்தூரில் இறங்கிவிடும். வெளிச்சம் வரும்வரை அங்கேயே உட்கார்ந்திருப்பேன். பிறகு பஸ்ஸில் கொழிஞ்சாம்பாறை வந்து, அங்கே சித்தூர் பஸ் மாறுவேன். காலைக் கூட்டத்தோடுதான் நல்லேப்பிள்ளியில் இறங்குவேன். மாமா டீக்கடையில் இருப்பார், இருக்கட்டும். எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. இறங்காமல் அப்படியே சித்தூர் வரைக்கும் போய்விடுவேனோ என்றும் இருக்கிறது.

அதனால் நீ பஸ் ஸ்டாப்புக்கு வா. பேச வேண்டாம். பெட்டி கனமானது, ஒரு பக்கம் பிடி.

வனிதா